டாக்டர் உள்ளேதான் இருக்கிறார்

மார்ச் 3, காலை 7.10
நிலவுச் சுரங்கச் சிறை. பதிவு: மருத்துவர் எஸ்தர். கைதிகள் அறுபது பேர். காற்றழுத்தம் சரி, தண்ணீர் சரி. காவலுக்குத் தானியங்கிக் கதவுகள். ஊழியர் என்றால் நானும் கண்காணிப்பாளர் குலசேகரனும் மட்டும். மூன்று பேருக்கு இருமல். தூசி என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மார்ச் 5, மாலை
தூசி இல்லை. நுரையீரலில் தொற்றுக் காய்ச்சல். மருந்து இருக்கிறது. உடனே கொடுத்தால் பிழைப்பார்கள். அதற்குக் காய்ச்சல் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே! அறுபது பேரும் ஒரே கூடத்தில் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். தனிக் காற்றுக்குழாய் இருப்பது கூடத்தை ஒட்டிய இருட்டறைகளுக்கு மட்டும்தான். தண்டனைக்கென்று கட்டியவை. நோயாளிகளையும் அங்கேதான் பிரித்து வைக்க வேண்டும். எந்தப் புத்திசாலி கட்டினானோ.

மார்ச் 6, காலை
காய்ச்சல் இருப்பவர்கள் இருட்டறைக்கு வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் கெஞ்சினேன். கைதி மாடசாமியின் பதில்:
"சும்மா கதை விடாதீங்க டாக்டரம்மா. அது என்ன ஆஸ்பத்திரியா? போன வருசம் உள்ள போனவன் இன்னும் தனியா பேசிக்கிட்டுத் திரியுறான். எங்களுக்கு ஒண்ணுமில்ல."
சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை இருமினான். எரிச்சலாக வந்தது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் மறைத்திருப்பேன்.

மார்ச் 7, காலை
இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். கடைசிவரை வாயே திறக்கவில்லை.
வேறு வழி தோன்றவில்லை. நானே இருட்டறைக்குள் போய் உட்கார்ந்து அங்கிருந்து பேசப்போகிறேன். பயந்தாங்கொள்ளிகள் பார்க்கட்டும். கதவு வெளியிலிருந்து, குலசேகரனின் உள்ளங்கை பட்டால்தான் திறக்கும். "போய்ட்டு வாங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார்.

மார்ச் 7, பிற்பகல்
பேசி முடித்தேன். பயப்பட ஒன்றுமில்லை, காய்ச்சல் இருப்பவர்கள் இங்கே வாருங்கள் என்றேன். கதவைத் திறக்கச் சொல்லிக் குலசேகரனை அழைத்தேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர் குரல்:
"மேடம்... எனக்கும் மூணு நாளா காய்ச்சல். வேலை போயிடுமோன்னு சொல்லல. எந்திரிக்க முடியல மேடம்."
அட பாவி மனுஷா! அதன்பின் பதிலே இல்லை. அவர் இருக்கும் அறை உள்ளிருந்துதான் திறக்கும். மருந்து அலமாரி என் கைரேகைக்குத்தான் திறக்கும்.

மார்ச் 8
பூமியிலிருந்து வந்த செய்தி:
"தண்டனை அறைகளை இங்கிருந்து திறக்க விதியில் இடமில்லை. மீட்புக் கப்பல் பத்து நாளில் வரும். அமைதி காக்கவும்."
அமைதியாம். எனக்கு மட்டும் சுத்தமான காற்று வந்துகொண்டிருக்கிறது. அழுகையாக வருகிறது.

மார்ச் 8, நேரம் பார்க்கவில்லை
இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. கதவுக்கு வெளியே நிறையக் காலடிச் சத்தம். மாடசாமி பேசுகிறான்:
"டாக்டரம்மா, நீங்களே உள்ள இருக்கீங்கன்னதும் பயம் போயிடுச்சு. எல்லாருக்கும் காய்ச்சல்தான். எல்லாரும் வந்துட்டோம். தொறங்க."
விலகி நில்லுங்கள், ஒருவர் மேல் ஒருவர் இருமாதீர்கள் என்று கத்துகிறேன். நகர மாட்டேன் என்கிறார்கள். முன்னால் நின்றால் மருந்து முதலில் கிடைக்குமாம். நான்தான் வரச் சொன்னேன். திறக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
மாடசாமி வெகுநேரம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.
இப்போது தட்டுவது வேறு யாரோ