மாடிக்காக விட்ட கம்பிகள்

வாசலில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது கொதித்து எழுப்புகிற சூடான வாடை, ஜன்னல் வழியாக என் மேசைவரை வந்துவிட்டது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால், வீடு கட்டி முடித்தபோதே, இந்த வாசலில் இந்த வாடை வந்திருக்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஆகவே இந்தக் கடிதத்தை உங்கள்மேல் உள்ள கோபத்தோடுதான் தொடங்குகிறேன். இறந்துபோனவர் என்பதற்காக அதை மறைக்கப் போவதில்லை. முப்பத்தொன்பது வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு அந்த உரிமை உண்டு.

விஷயம் இதுதான். நம் வீட்டுக் கூரைமேல் தட்டோடு என்கிற தட்டை ஓடு பதிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால், மாடி எடுப்பதற்காக நீங்கள் தூண்களின் தலையில் விட்டுவைத்த கம்பிகளை வெட்ட வேண்டும் என்கிறார் ஏழுமலை மேஸ்திரி. இந்த வீட்டைக் கட்டிய அதே ஏழுமலைதான். வெட்டலாம் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டுமாம்.

"வெட்னா வெட்னதுதான் டீச்சரம்மா. அப்பால மாடி எடுக்கணும்னா ஒட்ட வைக்க முடியாது. நீங்களே ரோசனை பண்ணி சொல்லிடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே வந்து உட்கார்ந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஓய்வு பெற்ற கையோடு, சென்னையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வடக்குப்பட்டுப் பக்கம் உங்கள் பங்குக்கு வந்த மனையில் வீடு கட்டினோம். சுற்றிலும் தொழிற்சாலைகளுக்கு நிலம் அளந்துகொண்டிருந்த நேரம். தளம் போட்டு முடித்த அன்று ஏழுமலை உங்களிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, ஒரு பக்கம் சரிவாக இருக்கும்படி போட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு பதித்தால் மழைத்தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் என்றார். நீங்கள் கையை ஆட்டினீர்கள். "மேலே கட்டும்போது அதையெல்லாம் உடைக்கணுமே. எதுக்கு இரட்டை வேலை?"

அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுவே பதில். படிக்கட்டு எங்கே? மேலே கட்டும்போது. அதுவரை ஒரு இரும்பு ஏணி. மழைத்தண்ணீர் இறங்க இரண்டே இரண்டு குழாய்தானா? மேலே கட்டும்போது. சமையலறைப் புகை போக வழி? அதுவும் மேலே கட்டும்போதுதான். நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். நான் பாடம் நடத்திய கான்வென்ட்டில் பாதி எழுதிய கட்டுரையை யாரும் மேசையில் வைக்கத் துணியமாட்டார்கள். நீங்கள் எனக்குப் பாதி எழுதிய வீட்டைக் கொடுத்துவிட்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள்.

ஆறு தூண்கள், தூணுக்கு நாலு கம்பி. மழை இறங்கக்கூடாது என்று இருபத்துநாலு கம்பிகளுக்கும் காலி குளிர்பான பாட்டில்களைக் கவிழ்த்து வைத்தீர்கள். டீக்கடையில் நின்று அவற்றைக் கேட்டு வாங்கினீர்கள், ஒரு அரசாங்க அதிகாரியாக இருந்தவர். காற்றடித்தால் பாட்டில்கள் பறக்கும், நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் துரத்துவீர்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆட்கள் சீருடையோடு வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னா சார், மாடில கூல்டிரிங்க்ஸ் கடை போட்டுகினியா?"

"வா, உனக்கு ஒண்ணு இலவசம்," என்று நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற நான் சிரிக்கவில்லை.

இரண்டாவது ஐப்பசியிலேயே முன்னறை மூலையில் ஒழுகியது. கண்ணுக்குத் தெரிந்த விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றினீர்கள். அடுத்த வருடம் ஒழுகல் ஒரு முழம் நகர்ந்தது. தார் காய்ச்சிப் பூசினீர்கள். சித்திரை வெயிலில் அந்தத் தார் உருகி, மழைக்கு முன்பே வெடித்துவிட்டது. பிறகு ஒரு வெள்ளை பெயிண்ட். அதற்கும் பிறகு எங்கிருந்தோ ஒரு ஃபிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து விரித்தீர்கள். யாரோ ஒரு கட்சிக்காரர் கைகூப்பியபடி வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார். ஐப்பசி மழை அவரையும் மதிக்கவில்லை. பேனருக்கு அடியில் தண்ணீர் தேங்கி, காய வழியில்லாமல் ஊறி, சுவர்வரை ஈரம் இறங்கியதுதான் மிச்சம்.

கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போய்வந்தால், நெற்றி விபூதியோடு நேராக ஏணியில் ஏறி ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்ப்பீர்கள். இறங்கி வரும்போது விரல் நுனியெல்லாம் துரு. "ஒன்றுமில்லை, மேல்துருதான்," என்பீர்கள். அந்த விரலைத் துண்டில் துடைப்பீர்கள். துண்டைத் துவைத்தது நான்.

நீங்கள் போனபிறகாவது நான் சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. மூன்று மழைக்காலம் சொட்டுகிற இடத்தில் பாத்திரம் வைத்தேன். நம் தெருவில் எல்லா வீடும் இரண்டு மாடி எழும்பி, அறை அறையாகத் தடுத்து, தெற்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. நம் வீடு மட்டும் தரையோடு நின்றது. கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தவரை, இங்கேயும் ஒன்று வரப்போகிறது என்று பார்ப்பவர் நினைப்பார்கள். வெட்டிவிட்டால், அவ்வளவுதான் இவர்களால் முடிந்தது என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பாத்திரம் வைத்தேன். உங்களிடம் ஒப்புக்கொள்வதற்கென்ன.

போன ஐப்பசிக்கு வருகிறேன். முன்னறையில் செல்வி என்ற பெண் வாடகைக்குக் குடியிருக்கிறாள், ஊர் சங்கரன்கோவில் பக்கம். புருஷன் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற இடத்தில் வேலை. அப்போது ஏழு மாதக் குழந்தை. என்னை ஆச்சி என்று கூப்பிடுவாள், டீச்சர் என்று கூப்பிடு என்று எத்தனை முறை சொன்னாலும். ஒரு காலையில், பகல் வெளிச்சத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்த அறைக் கூரையிலிருந்து முறத்தளவு சிமெண்ட் பெயர்ந்து தொட்டில்மேல் விழுந்தது. நான் ஓடிப்போனபோது தொட்டில் சேலை கிழிந்து தரையில் கிடந்தது. கூரையில் கம்பிகள் சிவந்து, செதில் செதிலாகத் தெரிந்தன.

கொல்லைப் பக்கமிருந்து ஈரக் குழந்தையோடு செல்வி வந்தாள். "குளிப்பாட்டத் தூக்கிட்டுப் போனேன் ஆச்சி. இல்லைன்னா…" என்றவள், கிழிந்த சேலையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். "போன மாசமே சொன்னம்லா, பூச்சு உப்பிட்டு வருதுன்னு. நீங்க பாத்திரத்தை நவுத்தி வைன்னிய."

சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

அன்றே அவர்களை என் படுக்கையறைக்கு மாற்றினேன். நான் கூடத்தில் படுத்துக்கொண்டேன். தை பிறந்ததும் கூரையைச் சரி செய்கிறேன் என்று அவள் புருஷனிடம் வாக்குக் கொடுத்தேன். "மாசிக்குள்ள முடிக்கலைன்னா தண்டலம் பக்கம் வேற வீடு பாத்துக்கிடுதோம், தப்பா நினைக்காதிய," என்றான். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. நானாக இருந்தால் அன்றைக்கே போயிருப்பேன்.

ஏழுமலை வந்து முதலில் எதையும் பூசவில்லை. மேலே ஒவ்வொரு இடமாகச் செங்கல்லால் வரப்புக் கட்டி, தண்ணீர் நிறுத்தி, கீழே வந்து பார்த்தார். விரிசல் இருந்த இடத்தில் நிறுத்திய தண்ணீர் இறங்கவில்லை. தூணைச் சுற்றி நிறுத்தியபோது, ஐந்தடி தள்ளி, தொட்டில் கட்டியிருந்த இடத்தில் ஈரம் பூத்தது.

"பாத்தீங்களா? சொட்ற எடத்துல ஓட்டை இல்ல. கம்பியாண்ட கீது. துரு ஏற ஏறக் கம்பி ஊதும், சுத்தி காங்கிரீட்ட பொளந்துடும். அந்த சந்துல தண்ணி எறங்கி, உள்ளுக்குள்ளயே ஓடி, எங்க வழி கெடைக்குதோ அங்க வருது. மேல வாட்டமும் இல்ல, நின்னுகினே கீது. சார் இத்தினி வருசம் கால்ல அடிபட்டதுக்குக் கைல கட்டு போட்டுகினு இருந்தாரு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஒரு குழந்தையின் தலைக்கு நேரே, உங்கள் 'மேலே கட்டும்போது' துருப்பிடித்துத் தொங்கியிருக்கிறது.

இதுவரை எழுதியபோது டீ வந்துவிட்டது என்று குரல் கேட்டு வெளியே போனேன். திரும்பி வந்து எழுதுகிறேன். இடையில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஏழுமலை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "அவர்தான் பிடிவாதம் பிடித்தார். கட்டியவர் நீங்கள், அப்போதே அடித்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நானா சொல்லல? மொதல்ல ஒழுகின வருசமே சொன்னேன். சார், கம்பிய வெட்டிட்டுத் தட்டோடு போட்டுடலாம், மாடில்லாம் இனிமே ஆவாதுன்னு. ஆவாதுன்னு அவருக்கும் தெரியும். இன்னா சொன்னாரு தெரியுமா? 'வெட்ற சத்தம் அவளுக்குக் கேக்குமே ஏழுமலை'ன்னாரு."

"எனக்குக் கேட்டால் என்ன?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க கேட்ட மாடிதானே டீச்சரம்மா அது. கடக்கால் பூசை அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி சொன்னீங்களே."

எனக்கு ஞாபகம் வரச் சிறிது நேரம் ஆயிற்று. அஸ்திவார பூசைக்கு உங்கள் அண்ணன் தம்பிமார் மனைவிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். சேறு ஒட்டாமலிருக்க நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "இதுவா உங்க வீடு, இவ்வளவுதானா?" என்று யாரோ கேட்டார்கள். "நான் மாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தரையோடு தரையாக இருக்கிற வீட்டில் என்னால் இருக்க முடியாது," என்றேன். அவர்கள் வாயை அடைக்கச் சொன்ன சொல். மதியச் சாப்பாட்டுக்குள் எனக்கு மறந்துவிட்டது. நீங்கள் செங்கல்லை வைத்துக்கொண்டு குழிக்குள் நின்றிருந்தீர்கள். தலையை நிமிர்த்தவில்லை.

அதைப் போய் தூணுக்கு நாலு கம்பியாக எடுத்து வைத்துக்கொள்வாரா ஒரு மனிதர்? எத்தனை வருடம் என் எதிரே உட்கார்ந்து காபி குடித்தீர்கள்! "இன்னும் மாடி வேண்டுமா உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டிருந்தால், வேண்டாம் என்றிருப்பேன். முழங்கால் போன பிறகு மாடியை வைத்து நான் என்ன செய்வேன்? ஆனால் சரி, எனக்கு வாய் இல்லையா? நானும் ஒரு நாள் சொல்லவில்லை. உங்களுக்கு மாடி ஆசை என்று நினைத்துக்கொண்டு நான் சகித்தேன். எனக்கு ஆசை என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பாட்டில் பொறுக்கினீர்கள். இரண்டு பேருக்கும் வேண்டாத ஒரு மாடிக்காக ஒரு பச்சைக் குழந்தை அடிபட இருந்தது. இதில் உங்களை மன்னிப்பதா, என்னை மன்னிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் எனக்குப் பொறுமையில்லை.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வெட்டுங்கள் என்றேன்.

"நீங்க உள்ள போய்டுங்க டீச்சரம்மா. மிஷின் காத கிழிச்சுடும்."

"இங்கேயே நிற்கிறேன்."

குழந்தை மிரளும் என்று செல்வி அதைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டாள். நான் வாசலில் நின்றேன். முதல் கம்பிக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து துணி உலர்த்த வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டேன். ஒவ்வொன்றாக எண்ணினேன். இருபத்துநாலும் ஆயின. சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதான், நீங்கள் பயந்தது.

நாளைக்கு வெட்டிய இடங்களை அடைத்து, சுண்ணாம்பும் ஜல்லியும் போட்டு இடிக்கத் தொடங்குவார்கள். கீழே துருவைச் சுரண்டி மருந்து பூசி, புதிதாகப் பூச்சு வேலை. மாசி முடிவதற்குள் செல்வி அவள் அறைக்குப் போய்விடலாம்.

சற்றுமுன் அந்த அறையில் நின்று, "சுவருக்கு இளநீலம் அடித்தால்தான் அறை அறையாக இருக்கும்," என்று அவளிடம் சொன்னேன். "சரி ஆச்சி," என்று தலையாட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். மேசையில் வந்து உட்கார்ந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடிவரை அவள் பின்னால் போனேன்.

"நீலம் என்று நான் சும்மா சொன்னேன். உனக்கு என்ன நிறம் பிடிக்கும்? அதைச் சொல்."

அவள் துணியைப் பிழிந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைச் சொல்லவா ஆச்சி இம்புட்டுத் தூரம் மூச்சு வாங்க வாறிய?"

"ஆமாம்," என்றேன். பதில் வரும்வரை அங்கேயே நின்றேன்.