நோட்டீஸின் பின்பக்கம்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் தம்பியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அம்மாவும் நலம் என்று சேர்த்து எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. அம்மாவைப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. போனில் நான் வெட்டி வெட்டிப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொண்டாயே, நம் வீட்டு போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நம் கேஸைப் பார்க்கிற வக்கீல் அம்மா சொன்னதால்தான் அப்படிப் பேசினேன். இந்தக் கடிதத்தை அம்மாவோடு அதே வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ் அக்கா, தன் வீட்டுக்காரரைப் பார்க்க அங்கே வருகிறவள், துணிக்குள் வைத்துக் கொண்டு வருகிறாள். படித்ததும் கிழித்துப் போடு.

நடந்தது இதுதான். பதினாறு மணி நேர ஷிப்டைக் குறைக்கச் சொல்லி நர்சுகள் ஆஸ்பத்திரி கேன்டீனில் கூடிப் பேசினார்கள். அவசரநிலை வந்ததிலிருந்து ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது, இவர்கள் பதினொரு பேர். போலீஸ் அம்மா கைப்பையைக் கொட்டிப் பார்த்ததில் கூட்ட நோட்டீஸ் கிடைத்தது. அது மட்டும் என்றால் நாலு நாளில் விட்டிருப்பார்கள். நோட்டீஸின் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரித் தெருவுக்குப் போகிற மின்லைன் முழுவதும் படமாக இருந்தது, எந்த சுவிட்சை எத்தனை மணிக்கு இறக்குவது, எப்போது ஏற்றுவது என்பது உட்பட. அதைப் போட்டது நான்தான். எங்கள் மின்வாரிய ஆபீஸ் படங்கள் இருபது வருஷப் பழசு, பாதி தப்பு, அதனால் ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் முன்னால் கையில் கிடைத்த தாளில் நானே வரைந்துகொள்வேன், உனக்குத்தான் தெரியுமே. டிரான்ஸ்பார்மர் மாற்றப் போட்ட படம் அது. வேலை முடிந்ததும் வீட்டில் மேஜையில் போட்டுவிட்டேன், அவள் நோட்டீஸ் என்று எடுத்துப் பையில் வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியை இருட்டாக்கி நோயாளிகளைக் கொல்லத் திட்டம் என்று உத்தரவில் எழுதியிருக்கிறார்கள். படத்தை வரைந்தவர் யார் என்று சொல்ல மறுக்கிறார் என்றும் கீழே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரசியல் சட்டப் புத்தகத்தை வாங்கி மெஷின் மானுவல் மாதிரி வரி விடாமல் படித்தேன். பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும், ஒரே நாளில் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், எல்லாம் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் இந்த மாதிரிச் சட்டத்தில் பிடித்தால் இதெல்லாம் கிடையாது என்றும் இருக்கிறது. லோடு ஏறும் நேரம் பார்த்துக் கழற்றி எடுக்கிற ஃபியூஸை எதற்கு மாட்டுகிறீர்கள் என்று, முதல் தடவை பார்க்கப் போன அன்றே, வக்கீல் அம்மாவிடம் கத்திவிட்டேன். அவர் அசரவில்லை, தம்பி உட்காருங்க, நீங்க அவங்க தம்பியா இல்ல மகனா என்று கேட்டார். பார்க்க அவ்வளவு சின்ன வயதாகத் தெரிகிறேனாம். அவள் வீட்டுக்காரன், இருபது வயதிலேயே உன்னைப் பெற்றவன் என்று சொன்னதும் அந்த இடத்திலும் சிரித்தார்.

வருகிற வியாழன் மூன்று பேர் கொண்ட குழு மூடிய அறையில் அவளை விசாரிக்கும். உள்ளே வக்கீலுக்கு அனுமதி இல்லை. அவர்கள் தலையாட்டிவிட்டால் கேஸே போடாமல் ஒரு வருஷம் வைத்திருக்கலாம். அந்தப் படம் டிரான்ஸ்பார்மர் மாற்றப் போட்டதுதான் என்று காட்ட ஆபீஸில் ஷட்டவுன் பதிவேடு இருக்கிறது, கேட்டேன். அதெல்லாம் இப்ப ரகசியம்யா, என்னையும் உள்ள தள்ளப் பாக்கறியா, போய் உன் வேலையைப் பாரு என்கிறார் மேலதிகாரி. போன வாரம் பத்து நிமிஷம் அவளைப் பார்க்க விட்டார்கள், கம்பிக்கு அந்தப் பக்கம் பாதியாக இளைத்துப்போய் நின்றாள். நான் படத்தைப் பற்றி வாயெடுத்ததும், காவலுக்கு நின்றவளைப் பார்த்துக்கொண்டே, இவருக்கு வீட்ல வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு நகம் வெட்டினீங்களா, அவனைப் பாத்துக்க வெளிய ஒரு ஆள் வேணும், புரியுதா என்று கேட்டாள். புரிந்தது. ஆனால் என்னால் முடியாது பாப்பா.

புதன்கிழமை காலையில் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் படம் நான் வரைந்தது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்களையும் சேர்த்துப் பிடித்து வைப்பார்கள் என்று வக்கீல் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். இப்படி வரைவது என் பழக்கம் என்று காட்டப் பழைய தாள் ஒன்று வேண்டும். வீட்டில் இருந்ததையெல்லாம் அம்மாவைப் பிடித்த அன்றைக்கு வீட்டைச் சோதனை போட வந்த போலீஸ்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உன் காலேஜ் அனுமதிக் கடிதத்தின் பின்னால் சந்தை லைனை வரைந்து தேதியும் போட்டேன், இதைக் காட்டினா என்னை எலக்ட்ரீஷியன்னு நினைப்பாங்கப்பா என்று அழுதாயே, அந்தக் கடிதம் உன் பைலில் இருக்கும். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வக்கீல் அம்மா மெயிலுக்கு அனுப்பு, முகவரி கவரின் உள்மடிப்பில் இருக்கிறது. அசலைக் கூரியரில் போடு. தூக்கிப் போட்டிருந்தால் அழாதே, உன்மேல் தப்பில்லை, தாள் இல்லாவிட்டாலும் நான் போவேன். நீ மட்டும் டிக்கெட் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிடாதே, விமான நிலையத்திலேயே உன்னையும் நிறுத்துவார்கள், பேஸ்புக்கிலும் ஒன்றும் எழுதாதே. வேளைக்குச் சாப்பிடு, பரீட்சையை விடாதே.

நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் பயப்படாத ஊரில் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேண்டுதல் இல்லை. மறக்காமல் ஒன்று செய். புதன் சாயங்காலம் தம்பி பெரிய அத்தை வீட்டில் இருப்பான், அங்கே போன் பண்ணு. அம்மா பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறாள் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தலையாட்டினான், நம்பவில்லை என்று நினைக்கிறேன். என்னைப் பற்றிக் கேட்டால் அந்த மாதிரிக் கதை எதுவும் சொல்லாதே. அப்பா எங்கே இருக்கிறார், எதற்குப் போனார் என்று உள்ளதைச் சொல். யார் கேட்டால் கேட்கட்டும், போனிலேயே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா