பாக்கியம் அக்கா தலையில் இருந்த விளக்கு

அப்பா,

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை இப்போது கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்குச் சுமந்தவர்கள் பாக்கியம் அக்காவும் கருப்பாயியும். பின்னால் மருதாயியும் அவள் நாத்தனார் அஞ்சலையும். நாகசுரம் சோமு, தவில் கோவிந்தன். திறந்த காரில் மாப்பிள்ளை வரதன், பக்கத்தில் அவன் தாய்மாமன் சேதுராமன். ஸ்பிரிட் பாட்டிலோடு ஓரமாக நடந்து வந்த கலியபெருமாள் சித்தப்பா. எல்லோருக்கும் கடைசியில் நீங்கள், விளக்குக்குள் கட்டும் மேண்டில் வலை டப்பாவோடு நான். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் மாப்பிள்ளை அழைப்பு திரும்பும்போது இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். வேடிக்கை பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை. பார்த்தார்கள், பேசினார்கள், போய்விட்டார்கள்.

போன மாதம் பொன்மலையில் உங்கள் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தேன். படியேறும்போதே மண்ணெண்ணெய் வாசனை. எத்தனையோ வருஷமாக மூக்கில் படாத வாசனை. அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சேவியர், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தேடித் தேடி வாங்கி, கழற்றி, துடைத்து, எந்த நாட்டில் செய்தது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்து மறுபடி எரிய வைக்கிறார். நல்ல மனுஷன். நம் கடையைப் பற்றி உங்கள் பேத்தி சொல்லியிருக்கிறாள். அதனால் என்னை மேஜைப் பக்கம் கூப்பிட்டு ஒரு விளக்கின் தலைமூடியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இது எந்தக் கடை அடையாளம்னு தெரியுதாம்மா?"

மூடியின் உள்விளிம்பில் அரத்தால் போட்ட மூன்று கீறல், குறுக்கே ஒன்று. வாடகைக்குப் போகும் விளக்கு வேறு கடை விளக்கோடு கலந்துவிடாமல் இருக்க நீங்கள் போடுவது. தெரியாமல் என்ன? எங்கள் விளக்குதான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு தலையைச் சொறிந்தார்.

"மேல் உடம்பு ஜெர்மன்காரன் செஞ்சது. டேங்க் நம்ம நாட்டுல யாரோ செஞ்சது. ரெண்டும் பொருந்தாதும்மா. பொருத்தறதுக்காகப் புதுசா துளை போட்டிருக்காங்க பாருங்க."

டேங்கின் தோளில், பர்னருக்கு நேர் கீழே, வெள்ளிப் பெயிண்டைச் சுரண்டி வைத்திருந்தார். அங்கே ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ஈயம் உருகி வழிந்து உறைந்திருந்தது. "ஈயத்தால அடைச்சதை ஏத்தியிருக்காங்க. சூட்டுல அது உருகிடும். யார் உசிரு போச்சோ" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்பா, நம் கடையில் ஈயம் வைத்த டேங்க் ஏது? பாலக்கரையில் மற்ற விளக்குக் கடைக்காரர்களெல்லாம் ஓட்டை விழுந்தால் ஈயத்தை வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசி அனுப்புவார்கள். நீங்கள் அந்த டேங்கைச் சம்மட்டியால் நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடுவீர்கள். அம்மா முணுமுணுத்தால் ஒன்றுதான் சொல்வீர்கள்: "சுவத்துல மாட்டுற லைட்டுன்னா போகட்டும். இது ஒரு பொம்பளை தலையில போறது."

விளக்கு வெளியே போகும் நாளில், ஒவ்வொரு டேங்கையும் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பீர்கள். ஒரு குமிழி வந்தாலும் அந்த விளக்கு அன்றைக்குக் கிளம்பாது. அன்று காலையிலும் பார்த்தீர்கள். நான்தான் கூட நின்று துடைத்து வைத்தேன். ஒன்றிலும் குமிழி இல்லை. மத்தியானம் சித்தப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். நாம் பஸ்ஸில் பின்னால் போனோம்.

பாக்கியம் அக்காவை எப்போதும் முதலில் நிறுத்துவீர்கள். அவள் கழுத்து ஆடாது. சும்மாட்டின் மேல் விளக்கு, வாயில் வெற்றிலை, மாப்பிள்ளையின் தலை எண்ணெயைப் பற்றிக் கருப்பாயியிடம் ஏதோ கேலி. உஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு நெருப்பு மேலிருந்து கீழே ஊற்றியது. அவள் விளக்கைத் தூக்கிப் போடவில்லை, அப்பா. முன்னால் ஜனம் இருந்ததால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தாள். சோமு தன் அங்கவஸ்திரத்தைப் போட்டு அமுக்கினார். நீங்கள் வெறும் கையால் அவள் தலையை மூடினீர்கள். ஆஸ்பத்திரியில் அவள் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் நீங்களே சொன்னீர்கள். என் விளக்கு, நான்தான் பார்த்து அனுப்பினேன் என்று. கையின் கட்டுப் பிரிந்த பிறகு அந்த விளக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டீர்கள். எங்கே தவறவிட்டோம் என்று தெரிய வேண்டுமாம். சித்தப்பா உங்கள் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"கொள்ளிடத்துல போட்டுட்டேண்ணே. அதை நீங்க கண்ணால பார்க்க வேணாம்."

அண்ணன் மேல் எவ்வளவு பாசம் என்று அம்மா அழுதாள். நானும் அழுதேன்.

அதற்கப்புறம் நம் விளக்கை யார் கூப்பிட்டார்கள்? நீங்களும் ஏற்றவில்லை. கடையைச் சித்தப்பா எடுத்து, சீரியல் லைட்டும் ட்யூப்லைட்டும் போட்டு நன்றாக வந்தார். நீங்கள் வாசலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்த பித்தளைச் சொம்பைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பார்த்தேனே பாப்பா, குமிழி வரலையே" என்பீர்கள். இல்லப்பா, வரலை என்பேன். நான் உங்களைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். கடைசி வருஷங்களில் அதையும் கேட்பதை விட்டுவிட்டீர்கள். நாம் பார்க்கவே இல்லை போலிருக்கிறது என்று நீங்களே முடிவுக்கு வந்துவிட்டீர்கள். அந்த முடிவோடுதான் போனீர்கள்.

இந்த விளக்கை எங்கே வாங்கினீர்கள் என்று சேவியரிடம் கேட்டேன். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டை இடித்துக் கட்டுகிறார்களாம். பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்ததாம். எந்த வீடு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கொள்ளிடத்தில் போட்ட விளக்கு சித்தப்பா வீட்டுப் பரணுக்கு எப்படி ஏறும்?

மறுநாளே சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். வீடு கட்டி முடியும்வரை மகனோடு வாடகை வீட்டில் இருக்கிறார். கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். காது நன்றாகக் கேட்கிறது. சுற்றி வளைக்காமல், டேங்க் எப்படி மாறிற்று என்று கேட்டேன். மறைக்கவில்லை. காவிரிப் பாலத்தில் வண்டி குலுங்கி ஒரு விளக்கு கீழே விழுந்ததாம். டேங்கின் கழுத்து விட்டுப்போனதாம். அண்ணன் கண்டால் திட்டுவார் என்று, ஸ்ரீரங்கத்தில் தெரிந்த ஒருவரிடம் பழைய டேங்க் ஒன்றை வாங்கி மாட்டி, நாம் வந்து சேர்வதற்குள் ஏற்றியும் வைத்துவிட்டாராம். ஒரு சாயந்திரம்தானே, தாங்கும் என்று நினைத்தாராம்.

"பயம்மா. அண்ணன்னா எனக்கு அவ்வளவு பயம்."

"அப்புறம் சொல்லியிருக்கலாமே சித்தப்பா."

"சொன்னா பாக்கியம் திரும்பி வந்துடுவாளா?"

"அப்பா சொம்பைத் தண்ணியில அமுக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தாரே, அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன்" என்றார்.

அவர் மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வந்த கையோடு பாக்கியம் அக்கா மகள் ராணியைத் தேடிப் பாலக்கரைக்குப் போனேன். உங்களுக்குத் தெரியும், நம் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் துப்பிவிட்டுத்தான் போவாள். உங்கள் சவம் போனபோது கதவைச் சாத்திக்கொண்டவள். இப்போது அவளுக்கும் முழங்கால் வலி, அவளுக்கும் பேரன் பேத்தி. கதவடியில் நிற்கவைத்தே கேட்டாள். எல்லாம் சொன்னேன். எங்கள் அப்பா மேல் தப்பில்லை ராணி என்றேன். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் இல்ல, தம்பின்னு சொல்ல வந்தீங்களாக்கும். எங்கம்மாவுக்கு ரெண்டு பேரும் ஒரே கடைதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளை வைய வாய் வரவில்லை. அவள் சாபத்தை உங்கள் மேலிருந்து இறக்கி வைத்துவிடலாம் என்று போனேன், நடக்கவில்லை அப்பா. அது அவளுடையது. அவளே வைத்துக்கொள்ளட்டும்.

அந்த விளக்கை என்ன செய்வது என்று சேவியர் கேட்டார். டேங்கைச் சரிசெய்ய வேண்டாம், பொருத்தமான வேறு டேங்கைத் தேடிப் போடவும் வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். சரிம்மா என்றார்.

நேற்று சித்தப்பாவின் மருமகள் போன் பண்ணினாள். சாப்பாடு இறங்கவில்லையாம். என் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஒரு தடவை வந்து, போனதெல்லாம் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போங்க அண்ணி, நிம்மதியாகப் போவார் என்று அழுதாள். நல்ல பெண். அவளிடம் நான் கோபமாகப் பேசவில்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

விளக்கைக் கீழே போட்டது பெரிய குற்றமா? பயந்த பிள்ளை செய்வதுதான். ஈய டேங்கை மாட்டியதைக்கூட, நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு, புத்தியில்லாமல் செய்தது என்று சொல்லிவிடுவேன். ஆனால் நீங்கள் சொம்பை அமுக்கிக்கொண்டிருந்த அந்த வருஷங்களெல்லாம் ஒரே ஒரு வார்த்தை போதும், உங்கள் கை தண்ணீரிலிருந்து வெளியே வந்திருக்கும். வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நீங்கள் இருந்தால் தம்பிதானே என்று மன்னித்துவிடுவீர்கள். உங்களுக்காக நான் இப்போது சுமப்பது இந்த ஒன்றைத்தான். இறக்கி வைக்கச் சொல்லாதீர்கள். அவர் நாளைக்கே போகட்டும், நானும் பின்னாலேயே போகட்டும். கலியபெருமாளை நான் மன்னிக்க மாட்டேன்.