கருவி வேலை செய்த காரணத்தால் எனக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது தொடர்பாக

அனுப்புநர்
பெரில் அடிக்கினி,
நிரலாக்கச் சான்றிதழ் வகுப்பு,
மீன்துறைச் சாலை கணினிப் பயிற்சி நிலையம்,
கிசுமு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
ஏரிக்கரை வட்டாரக் கணினிப் பயிற்சி வாரியம்,
கிசுமு.

பொருள்: நிரல் தொகுப்புக் கருவியை நிறுவும் செய்முறைத் தேர்வு – ‘நிறுவப்படவில்லை’ என்ற முடிவை மாற்றி, சான்றிதழ் வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: வாரியத்தின் செய்முறைத் தேர்வு வழிகாட்டி (எட்டுப் படங்களுடன்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாரியத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று தொடங்குவதுதான் மனுவுக்கு மரியாதை என்றார்கள். அவ்வாறே தொடங்குகிறேன். குறை அடுத்த பத்தியிலிருந்து வருகிறது.

1. நான் மேற்படி நிலையத்தில் நிரலாக்கம் படித்து முடித்தவள். இங்குள்ள மீன் கூட்டுறவுச் சங்கத்தில் குளிர் அறையின் வெப்பம் ஏறினால் காவலாளியின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் செயலியை நான்தான் எழுதினேன். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குத் தருவதாகச் சங்க மேலாளர் அவிட்டி அம்மையார் வாக்களித்திருக்கிறார். ஆனால், “பேப்பரைக் கொண்டா பெரில், அன்னிக்கே நாற்காலி உனக்கு. பேப்பர் இல்லாம உன்னை உட்கார வெச்சா கமிட்டிக்காரங்க என்னை எழுப்பிடுவாங்க” என்றும் சொல்லியிருக்கிறார். இம்மாத முடிவுக்குள் நான் சான்றிதழ் காட்டாவிட்டால் அந்த வேலை என் வகுப்புத் தோழர் கெஃபாவுக்குப் போய்விடும். அவரிடம் சான்றிதழ் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைக் கீழே பணிவுடன் விவரிக்கிறேன்.

2. எழுதிய நிரலையும் அதற்கு வேண்டிய துணைப் பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஓடும் செயலியாக்கித் தரும் கருவியை நிறுவுவதே தேர்வு என்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் நிலையத்துக் கணினிகள் வாங்கியவை அல்ல, வந்து சேர்ந்தவை. ஆகவே மூன்று வகை. விண்டோஸ் உள்ளவற்றில் கருவியை இறக்கி, சொடுக்கி, ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று போய் ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு வேலை உண்டு. கருவி எந்தக் கோப்புறையில் குடியேறியிருக்கிறது என்ற முகவரியைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கருவி வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கணினி சாதிக்கும். மேக் என்றால், தனக்கு அறிமுகமில்லாத கருவியை வாசலிலேயே நிறுத்திவிடும். அமைப்புகளுக்குள் போய் நாம்தான் அனுமதி கொடுத்து உள்ளே விட வேண்டும். லினக்ஸில் ஒரே வரிக் கட்டளை. கருவி இறங்கி உட்கார்ந்துகொள்ளும், பிறகு கணினி வாயே திறக்காது. கோளாறு இருந்தால்தான் பேசும். என் பங்குக்கு வந்தது இந்த லினக்ஸ் கணினி.

3. வாரியத்தின் வழிகாட்டியில் உள்ள எட்டுப் படங்களும் முதல் வகைக் கணினிக்கு உரியவை. எட்டாவது படம் ‘முடிந்தது’ பொத்தான். அதோடு தாளின் பக்கம் முடிந்துவிட்டதால், முகவரி சொல்லும் வேலை வழிகாட்டியில் இடம்பெறவில்லை. தாளின் அளவுக்கு வாரியம் பொறுப்பாகாது என்பதை ஏற்கிறேன்.

4. தேர்வு நாளன்று தேர்வாளர் சப்லோன் ஒம்வெங்கா ஐயா வந்தார். தேநீரும் எண்ணெயில் பொரித்த மண்டாசியும் கொடுத்தோம். மண்டாசி ஆறியிருந்ததைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். ஒவ்வொருவர் திரையிலும் ‘முடிந்தது’ பொத்தான் வரும்போது அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, அங்கேயே அச்செடுத்து, அதன் மேல் முத்திரை குத்துவது அவர் வழக்கம். முத்திரை இல்லாத காகிதத்தை நம் ஊரில் கடலை மடிக்கத்தான் கொடுப்பார்கள் என்பதால் அதில் எனக்கு மறுப்பில்லை.

5. முதலில் கெஃபா. பொத்தான் வந்தது, ஐயா படம் எடுத்தார், முத்திரை விழுந்தது. பிறகு கெஃபா கருவியின் பெயரைத் தட்டி அழைத்தார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கணினி. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே பதில். கெஃபாவுக்கு வியர்த்துவிட்டது. ஒம்வெங்கா ஐயாதான் அவர் தோளைத் தட்டி, “விடுப்பா, இன்ஸ்டால் ஆயிடுச்சு. வேலை செய்யலை, அவ்வளவுதானே?” என்று ஆறுதல் சொன்னார். நிறுவுதல் கட்டாயம், செயலி தொகுத்தல் விரும்பத்தக்கது என்பது வாரியத்தின் விதி. கெஃபா தேறினார்.

6. அடுத்து, கன்னியர் மடத்திலிருந்து சொந்த மேக் கணினியோடு வந்து படித்த சிஸ்டர் ஸ்கொலாஸ்டிகா. அனுமதி இல்லாமல் கருவியைத் திறக்க முடியாது என்று அவர் கணினி நின்றுவிட்டது. அனுமதியை எங்கே கொடுப்பது என்று சிஸ்டருக்குத் தெரியும். அவர் கை அங்கே போவதற்குள் ஒம்வெங்கா ஐயா தடுத்து, “இருங்க சிஸ்டர், கேக்காம எதையும் செய்யாத மிஷின் இது. இப்படித்தான் இருக்கணும். நம்ம ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குக்கூட இந்தப் புத்தி இல்லை” என்று மெச்சி, ‘மேலிட அனுமதி நிலுவையில், நிறுவியதாகக் கருதலாம்’ என்று எழுதினார். அதற்கும் முத்திரை விழுந்தது.

7. கடைசியாக நான். கட்டளையைத் தட்டினேன். கருவி இறங்கியது. கணினி பேசாமல் இருந்தது.

“எங்கேம்மா பட்டன்?” என்றார் ஒம்வெங்கா ஐயா.

“இதுல பட்டன் வராதுங்கய்யா. இன்ஸ்டால் ஆயிடுச்சு. எந்த வெர்ஷன்னு கேட்டேன், சொல்லுது பாருங்க.”

“முடிஞ்சுதுன்னு அது சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது.”

நான் மேற்கொண்டு வாதாடாமல், அந்தக் கருவியைக் கொண்டே என் குளிர் அறைச் செயலியைத் தொகுத்து ஓட்டிக் காட்டினேன். அவருடைய கைப்பேசிக்கே எச்சரிக்கைச் செய்தி போய்ச் சேர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. தமது வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கு இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்றுகூடக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, “நல்லாத்தான் ஓடுது. ஆனா ஓடறது வேற, இன்ஸ்டால் ஆகறது வேற. நான் இன்ஸ்டாலைப் பாக்கத்தான் வந்திருக்கேன்” என்றார்.

எனக்குக் கிடைத்த முடிவு இது: கருவியை நிறுவுதல் – நிறுவப்படவில்லை. நிறுவிய கருவியைக் கொண்டு செயலி தொகுத்தல் – மிக நன்று. இல்லாத கருவியைக் கொண்டு மிக நன்றாக வேலை செய்த முதல் பெண் என்று என் வகுப்பார் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குடித்தேன். வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன். மனுவில் அழுகைக்கு இடமில்லை என்பதால் இதை இத்தோடு நிறுத்துகிறேன்.

8. முறையீடு செய்யத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் ரிஸ்பா அம்மையார் என் கதையை முழுவதும் கேட்டார். தங்கள் அலுவலகத்தில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கடைசியில், “உன் பக்கம் நியாயம் இருக்குடி, யாரு இல்லேன்னா? ஆனா நியாயத்து மேல சீல் குத்த முடியாது. ஒரு பட்டன் படம் கொண்டா, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார்.

9. பொத்தானை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று காட்டுவதற்காக, அதே கணினியில், அதே நிறுவப்படாத கருவியைக் கொண்டு ஒரு சிறு செயலி செய்தேன். திறந்தால் ஒரு சன்னல் வரும். அதில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிதானமாக நகரும். இறுதியில் ‘முடிந்தது’ என்ற பொத்தான் வரும். அந்தச் சன்னல் எதையும் நிறுவாது. இதை மறைக்கவும் இல்லை. ‘இது வெறும் படம், எதையும் நிறுவாது’ என்று அதன் அடியில் தெளிவாக எழுதியே தேர்வாளரிடம் கொடுத்தேன். ஒம்வெங்கா ஐயா பொத்தானை அழுத்திப் பார்த்தார். ஆசை தீராமல் இன்னொரு முறையும் அழுத்தினார். “இதைத்தானேம்மா அன்னிக்கே கேட்டேன்? இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு ஏன் பிடிவாதம் பிடிச்சே?” என்று கடிந்துகொண்டு, அதை வாரியத்துக்கு அனுப்பிவைத்தார்.

10. அதன் பின் நடந்தது தங்கள் கையொப்பத்துடன் நடந்தது. ‘எல்லா வகைக் கணினிகளுக்கும் பொதுவான நிறுவல் சன்னல்’ என்ற பெயரில் என் வெறும் படத்தை வாரியம் வட்டாரம் முழுவதற்கும் அனுப்பியது. வாரியத்தின் சின்னம் அதில் அழகாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நான் அடியில் எழுதிய வரி சரியாக அந்தச் சின்னத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இப்போது எல்லா நிலையங்களிலும் எல்லாரும் தேறுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஏரிக்கு அக்கரை நிலையத்திலிருந்து ஒரு பையன் தொலைபேசியில், “அக்கா, பட்டனை அமுக்கிட்டோம். டூலைக் காணோமே?” என்று கேட்டான். “இருக்காதுப்பா” என்றேன். “பரவாயில்லக்கா, சர்டிபிகேட் வந்துருச்சு” என்று வைத்துவிட்டான்.

11. இந்தச் சேவைக்காக வாரியம் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. நன்றி. அதன் நகலைக் கோப்பில் சேர்ப்பதற்கு என் சான்றிதழ் எண் தேவை என்று ரிஸ்பா அம்மையார் கேட்டார். இல்லை என்றேன். “இல்லாதவளை எப்படிடி பாராட்டினாங்க?” என்று அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். விசாரித்ததில், நான் சன்னல் செய்தது தேர்வுக்குப் பிறகு என்றும், தேர்வு நாளன்று கருவியை நிறுவத் தெரியாதவளாகவே பதிவாகியிருப்பதால் மறுதேர்வு எழுத வேண்டும் என்றும் தெரியவந்தது.

12. இதற்கிடையில் கெஃபா என் வீட்டுக்கு வந்தார். நல்லவர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. “அக்கா, கூட்டுறவுல என்னைக் கூப்பிடப் போறாங்களாம். என் மிஷின்ல அந்த டூல் இன்னும் கூப்பிட்டா வரலை. வேலை எனக்குக் கிடைச்சா நீதான் வந்து செஞ்சு குடுக்கணும், சொல்லிட்டேன்” என்றார். அன்றே அவர் கணினிக்குக் கருவியின் முகவரியைச் சொல்லிக் கொடுத்தேன். கருவி உடனே வந்தது. கெஃபா முத்திரை குத்திய தம் சான்றிதழையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

13. மறுதேர்வு வரும் வியாழக்கிழமை. வாரியத்தின் புதிய விதிப்படி அதைப் பொதுச் சன்னலைக் கொண்டுதான் செய்ய வேண்டும். அதாவது, நான் கருவியை உண்மையாக நிறுவினால் மறுபடியும் தோற்பேன். எதையும் நிறுவாத என் சன்னலைத் திறந்து பொத்தானை அழுத்தினால் தேறுவேன்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது: ஓடும் கருவி நிறுவப்பட்ட கருவியே என்று ஏற்று, என் முதல் தேர்வின் முடிவைத் திருத்தி எனக்குச் சான்றிதழ் வழங்க வேண்டும். என் சன்னலை எல்லா நிலையங்களிலிருந்தும் திரும்பப் பெற வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்வது நிர்வாகத்துக்குச் சிரமம் என்றால், இரண்டாவதை முதலில் செய்யுங்கள். குளிர் அறைகள் இந்த வட்டாரத்தில் பல இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் இப்போது அந்தப் பொத்தானை அழுத்தித் தேறிக்கொண்டிருக்கிறார்கள்.

வியாழனுக்குள் தங்கள் உத்தரவு வராவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஐயா. எனக்கு அந்த வேலை வேண்டும். நான் தேர்வுக்குப் போவேன். கருவியை நிறுவ மாட்டேன். பொத்தானை அழுத்துவேன், ஒம்வெங்கா ஐயா படம் எடுப்பார், முத்திரை விழும். சங்கத்தில் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கருவியை நிறுவிக்கொள்வேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்ததைத் தெரியாதது போல் நடித்து வாங்கிய அந்தக் காகிதத்தை அவிட்டி அம்மையார் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. அந்த நிலைக்கு என்னை விடாமல், புதன்கிழமைக்குள் ஒரு வரி உத்தரவு எழுதித் தருமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 14.10.2024
இடம்: கிசுமு

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பெரில் அடிக்கினி