பந்தம் காட்டிய தேக்கு

1934 ஜூன் 6, புதன்
லோயர் கேம்ப் பக்கத்துத் தேக்குத் தோட்டத்தில் இலையெல்லாம் ஓட்டை. கருத்த புழு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதன் எச்சம் சருகில் விழுவது தூறல் போலக் கேட்கிறது.

ஜூன் 9
இலையில் நரம்புதான் மிச்சம். நாலு வருஷ மரங்கள். எல்லாம் பட்டுப்போனால், பாரஸ்ட் கார்டு ஏசுதாசன் என்ன பண்ணிக்கொண்டிருந்தான் என்று என்னைத்தானே கேட்பார்கள்? வேலை போகும், சர்க்கார் கொடுத்த இந்த வீடும் போகும். மூன்று மாதக் கைக்குழந்தையோடு என் வீட்டுக்காரி ஞானசெல்வி எங்கே போவாள்?

ஜூன் 11
அடுத்த மாதம் ரேஞ்சர் பார்வையிட வருகிறாராம்.

ஜூன் 12
எங்கள் அனுமந்தன்பட்டியில் முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்த்தால் பந்தம் கொளுத்திப் பொசுக்குவோம். அதையேதான் செய்தேன். தெற்கு வரிசை, நாற்பது மரம், அடியிலிருந்து கிளை வரை. மாடு மேய்க்கிற கருத்தக்கண்ணன் நின்று பார்த்துவிட்டு, "என்னய்யா, மரத்துக்கே சூடு போடுறீக?" என்று சிரித்தான். அவனுக்கென்ன, சிரிப்பான்!

ஜூன் 14
மற்ற மரங்களில் புழுக்கள் தாமாகவே நூல் விட்டு இறங்கிச் சருகுக்குள் போய்விட்டன. அப்படியானால் நான் செய்தது?

ஜூன் 22
சருகை மிதித்தால் அந்துப்பூச்சிகள் எழும்புகின்றன. உட்கார்ந்தால் சருகு நிறம்; பறந்தால் பின்சிறகில் மஞ்சள், கருப்பு. சட்டையில் உட்கார்ந்த ஒன்றைத் தட்டிவிட்டேன். அடுத்து எந்தக் காட்டுக்கோ.

ஜூலை 3
தோட்டம் முழுக்கத் துளிர். தெற்கு வரிசையில் மட்டும் ஒன்றையும் காணோம். பட்டையைச் சுரண்டினேன் — உள்ளே பழுப்பு. கர்த்தரே! புழு கொல்லலை, நான்ல கொன்னுட்டேன்.

ஜூலை 10
ரேஞ்சர் வந்தார். "புழுவா? அது வரும், போகும். மரம் மறுபடி துளுத்துக்கிரும்" என்றார். அவ்வளவுதான்! இதுக்கா ஒரு மாசம் செத்துக் கிடந்தேன்? பிறகு தெற்கு வரிசையில் நின்றுவிட்டார். "இது தீ வச்சதுல்ல? புதுப்புல்லு முளைக்கட்டும்னு மாட்டுக்காரன் செஞ்ச வேலைதானே?" என்று கேட்டார்.
நான் வாயைத் திறக்கலை. ஏன் திறக்கலை?

ஜூலை 11
கருத்தக்கண்ணனை ரேஞ்ச் ஆபீசுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் மனைவி ராமுத்தாய் வாசலில் வந்து, "அவரு செய்யலன்னு ஒங்களுக்குத் தெரியும்லய்யா, ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அழுதாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். சீ, நானும் ஒரு மனுசன்.

ஜூலை 12
விடிந்ததும் சட்டையை மாட்டினேன். ரேஞ்ச் ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றேன். ஞானசெல்வி டிரங்குப் பெட்டியை இழுத்துவைத்து, பிள்ளையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.