சத்து மாத்திரை என்று சொன்னால்

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. கரமனையில் பஸ் நிற்கவில்லை. ஆட்டோ.

வைரஸ் அளவு முடிவுகள் வந்தன. ச.வுக்கு மறுபடி அதிகம். தம்பானூர் ஓட்டலில் புரோட்டா மாஸ்டர், தென்காசிக்காரர். எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல். இதற்குள் அடங்கியிருக்க வேண்டும். மாதாமாதம் காலி பாட்டில் கொண்டுவருகிறார்.

டாக்டர்: “கள்ளம் பறயுகயாணு, பொய். மாத்திரையை எறிஞ்சு கழிச்சிருப்பார். மருந்து மாத்தணும்.”

பேசிப் பார்க்கிறேன் என்றேன். தமிழ் பேசுபவர்கள் எல்லாம் என் ஆலோசனை மேசைக்குத்தானே.

ஜூலை 9, புதன்

ச. வந்தார். “தினமும் போடுதேன் மேடம்.” திரும்பத் திரும்ப அதே. கடைசியில்: “மாசக் கடைசியில மட்டும் இருக்காது.”

தங்கும் அறையில் அவரோடு ஐந்து பேர். லேபிளைக் கிழித்துவிட்டு, சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறார். “டபுள் டூட்டி பாத்த அன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு கேக்கானுவ.”

“இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“ஒரே தட்டுல சாப்பிடுதோம் மேடம். இத மட்டும் தரலன்னா ஏன்னு யோசிப்பானுவ. பொறவு தட்டு தனியாயிரும்.”

காலி பாட்டிலைப் பார்த்து, விழுங்கியாயிற்று என்று நம்பிக்கொண்டிருந்தோம். யார் விழுங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்.

மூலம் என்று சொல்லச் சொன்னேன். மூலத்துக்கு மாத்திரை என்றால் எவனும் பங்கு கேட்க மாட்டான்.

ஜூலை 10, வியாழன்

குடைக் கம்பி. நூலகப் புத்தகம் (பாதிதான், தவணை தாண்டிவிட்டது). அம்மாவுக்குத் தைலம்.

டாக்டர் மருந்தை இப்போதைக்கு மாற்றவில்லை. மூன்று மாதம் பொறுத்து மறு பரிசோதனை. “அப்பவும் இப்படியே வந்தா, என்னோட பறயண்டா.” பிறகு என் பேச்சு எடுபடாது.

மற்ற நால்வருக்கும் பரிசோதனை வேண்டும். தேவையில்லாதவன் விழுங்கினால் அதுவும் விளையாட்டில்லை. எதைச் சொல்லி அழைப்பது? ச.வின் பெயர் வரக்கூடாது. ஓட்டல் ஊழியர்களுக்குப் பொதுவாக ஒரு மருத்துவ முகாம் கேட்டேன். அலுவலகத்தில், “நோக்காம்.” பார்க்கலாம் என்கிறார்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா.

அம்மாவிடம் சொல்லியிருப்பது, எனக்கு ரத்த வங்கியில் வேலை என்று. பெண் பார்க்க வருகிறவர்களிடமும் அப்படியே. பொய் சொல்லிக் கொடுக்க எனக்குத் தகுதி நிறைய.

ஜூலை 16, புதன்

வெயில். துணி காயும்.

ச. சிரித்துக்கொண்டே வந்தார். “மூலம்னு சொன்னேன் மேடம். மூணு பேரு பாட்டில் பக்கமே வரல. சமையல்காரப் பய மூலத்துக்கு நல்லதுன்னு தினம் கருணைக்கிழங்கு மசியல் வச்சுத் தாரான். சாப்பிட்டு நாக்கு அரிக்கி.”

நானும் சிரித்துவிட்டேன். இந்த மாதத்தில் முதல் தடவை.

“நாலாவது ஆள்?”

“அவனுக்கும் ரொம்ப நாளா மூலமாம் மேடம். வெளிய சொல்ல வெக்கம். தனியாக் கூப்பிட்டுக் கேட்டான்.”

“குடுத்தீங்களா?”

மின்விசிறியைப் பார்த்தார்.

“பாவம் மேடம். அவனால உக்கார முடியல.”