பதினைந்தாவது மனு

ஜூன் 3

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்றுக் காலை உன் தம்பியின் மேலுதட்டில் பதினோராவது முடி முளைத்துவிட்டது. இனி இதை மீசை என்றே அழைக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவிட்டேன். "மூஞ்சியக் கழுவுடா, அழுக்கா இருக்கு" என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

உன் நர்ஸிங் ஹாஸ்டலில் ஞாயிறன்று பத்து நிமிடம்தான் போன் தருகிறார்கள். அதை அம்மா ஒருத்தியே அழுது தீர்த்துவிடுகிறாள். ஆகவே கடிதம்.

இன்னொரு செய்தி. நம் சுகாதார நிலையத்துச் சுவரில் குறைகேட்புப் பெட்டி தொங்குகிறதே, வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி வந்து ஊர் முன்னால் திறந்து, ஒவ்வொரு மனுவுக்கும் அங்கேயே பதில் சொல்ல வேண்டுமாம். வரும் பதினைந்தாம் தேதி திறக்கிறார். பெட்டி பசியோடு இருப்பது பொறுக்காமல் நான் பதினாலு மனு ஊட்டினேன். சில மாதிரிகள்:

"எல்லாரும் என் மேல் ஏறுகிறார்கள், ஒருவர்கூட நலம் விசாரிப்பதில்லை. இப்படிக்கு, எடை மெஷின்."

"வாரத்தில் ஐந்து நாள் தனிமையில் வாடுகிறேன். இப்படிக்கு, டாக்டர் நாற்காலி."

"இங்கே எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. நன்றியுடன், கொசுக்கள்."

எப்படி? அரசாங்கமே ஆடப் போகிறது பார்!

இப்படிக்கு,
மீசைக்காரன் (உனக்கு மட்டும் வாலு)

ஜூன் 10

அன்புள்ள வாலு,

கொசு மனுவைப் படித்துச் சிரித்தேன். அறைத்தோழியும் சிரித்தாள். ஆனால் இரண்டு பக்கத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னடா இது?

வார்டில் நாளெல்லாம் யார் யாருடைய அப்பாவையோ புரட்டிப் படுக்க வைக்கிறேன். நம் அப்பா ஏணியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகி வருஷம் இரண்டாகிறது. அவர் முதுகுப் புண் இப்போது எந்த நிறம், எவ்வளவு அகலம்? வாடை வருகிறதா? இரண்டு மணிக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காய்ந்த பஞ்சைப் பிய்த்து எடுக்காதே, தண்ணீர் விட்டு ஊறவைத்து எடு.

செவ்வாயும் வெள்ளியும் கட்டு மாற்ற வர வேண்டிய நர்ஸ் ஆறு மாதமாக வரவில்லை, பதிவேட்டில் மட்டும் தவறாமல் வந்து போகிறார் என்று அம்மா சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நீ எழுதினாயாமே, அந்த மனுவையும் பெட்டியில் போட்டாயா? அது முக்கியம்டா. ஊர் முன்னால் வாசித்துவிட்டால் அவர்கள் பதில் சொல்லாமல் போக முடியாது.

அன்புடன்,
அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்கா,

கூட்டம் அமோகம்! மேலதிகாரி எடை மெஷின் மனுவை மைக்கில் வாசித்தார். மருந்து கொடுப்பவர் சிரித்ததில் கையிலிருந்த மாத்திரை உருண்டு ஓடிவிட்டது. உன் தம்பியின் எழுத்துக்கு ஊரே கைதட்டியது என்று வரலாறு சொல்லும்.

அம்மா மனுதானே? பெட்டிக்குள் போனது, வெளியே வந்தது. அப்பா நன்றாக இருக்கிறார்.

பரீட்சை வருகிறது, அதனால் கடிதம் சின்னது.

வாலு

ஜூன் 24

வாலு,

பரீட்சைக்காக நீ கடிதத்தைக் குறைத்தாய் என்பதை நம்ப நான் உன் வகுப்பு வாத்தியார் இல்லை.

ஞாயிறு அம்மா அழவில்லை. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் பேசவே இல்லை. புண் எப்படி இருக்கிறது என்றால், "இருக்கு" என்றாள். மனு என்னாயிற்று என்றால், "தம்பி எழுதுவான்" என்றாள்.

எழுது.

அக்கா

ஜூலை 2

அக்கா,

நாலு காகிதம் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

மேலதிகாரி மூன்று மனுவை வாசித்தார். எல்லாரும் சிரித்தோம். பிறகு மிச்சத்தைப் புரட்டினார். "எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே. எவனோ வேலையத்தவன் விளையாடியிருக்கான். பதினைஞ்சும் விஷம மனு, முடிச்சுடுங்க" என்றார். பதினைஞ்சு, அக்கா. பெட்டியில் மொத்தமே அவ்வளவுதான் இருந்தது. ஊரில் வேறு யாரும் எதையும் போடவில்லை. அம்மா மட்டும்தான் அந்தப் பெட்டியை நம்பியிருக்கிறாள்.

அம்மா எழுந்து நின்றாள். "ஐயா, எங்க மனு ஒண்ணு இருக்கு. நர்ஸ் வராதது பத்தி."

"இதுவாம்மா? யார் எழுதினது?"

"என் பையன்." எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா!

"அப்போ மிச்சம் பதினாலும் உன் பையன் எழுதினதுதானே?"

"என் பையன் அப்படிலாம் பண்ண மாட்டான்யா. அவங்கப்பா கெடக்குற கெடைக்கு அவனுக்கு எப்படி விளையாட்டு வரும்?"

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

அந்த அதிகாரி பதில் சொல்லாமல் நழுவ ஒரு சாக்குத் தேடிக்கொண்டுதான் வந்திருப்பார். நான் பதினாலு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அப்பாதான் கேட்டார், "வாசிச்சாங்களா?" "அடுத்த தடவை வாசிப்பாங்களாம்" என்று அம்மா சொன்னாள். பத்து நாள் கழித்து நான் உண்மையைச் சொன்னபோது வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். "அங்கயே தெரியும்டா. எல்லார் முன்னாடியும் உன்னை எப்படிக் காட்டிக்கொடுக்கறது?" என்றாள். அடித்திருக்கலாம்.

புண் இப்போது உள்ளங்கை அகலம். ஓரம் கறுத்திருக்கிறது. வாடை வருகிறது. "நன்றாக இருக்கிறார்" என்று எழுதியது பொய். நீ சொன்னபடி தண்ணீர் விட்டு ஊறவைத்து, நான்தான் கட்டு மாற்றுகிறேன். மருந்து கொடுப்பவர் பார்த்துவிட்டு, நர்ஸ் கை படாமல் இது ஆறாது என்றார்.

அவர்தான் ஒரு வழியும் சொன்னார்: எழுதினவன் நேரில் வந்து ஒப்புக்கொண்டால் அம்மா மனுவை மட்டும் தனியாகப் பிரித்து மறுபடி எடுக்கலாமாம். நேற்று அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். தனியாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பதினாலையும் அங்கே காத்திருந்தவர்கள் முன்னால் என்னையே வாசிக்கச் சொன்னார் எழுத்தர். வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கொசு மனு வந்தபோது, கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா, "இவ வேற ஒரு வாரமா காய்ச்சல்ல கெடக்கறா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னாள். பெயர், வகுப்பு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா மனுவுக்குப் புது எண் கொடுத்திருக்கிறார்கள். முப்பது நாளில் எழுத்தில் பதில் தர வேண்டுமாம். நர்ஸ் இன்னும் வரவில்லை. நீ அங்கே உங்கள் டாக்டரிடம் புண்ணைப் பற்றிக் கேட்டு எழுது, சீக்கிரம்.

வாலு

பி.கு.: தனியாகப் போனேன் என்று எழுதியதும் பொய், அக்கா. மூன்று நாள் கேட் வரை போய்த் திரும்பி வந்தேன். நான்காம் நாள் எதிர்வீட்டுத் தையல்காரரை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு அம்மா கூட வந்தாள். வாசித்து முடிக்கும் வரை என் கையை அவள் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.